மரத்தில் முளைக்கும் தட்டுக் காளானும் அதற்குள் குடியிருக்கும் வண்டுகளும்

பட்டுக்கோட்டைப் பக்கம் மாமாவின் தோப்பில், ஒரு தென்னையின் அடியில், தரையோடு ஒட்டினாற்போல் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு காளான் முளைத்திருந்தது. மேல்பக்கம் அரக்கு பூசியது போல் செம்பழுப்பாய் மினுமினுப்பு. ஓரத்தில் மட்டும் வெண்ணெய் தடவிய மாதிரி ஒரு வெள்ளைக் கரை. "இத எடுத்துட்டா மரம் பொழச்சுக்கும்" என்று சொல்லி, மாமா அரிவாளின் பின்பக்கத்தால் ஒரே போடாகப் போட்டு அதைப் பெயர்த்து வரப்பில் வீசினார்.

அடுத்த மழைக்கு அதே இடத்தில் இரண்டு முளைத்தன. வரப்பில் கிடந்த பழையதை எடுத்து உடைத்துப் பார்த்தால், உள்ளே சல்லடை மாதிரி ஓட்டை, பழுப்புப் பொடி, கடுகளவுக்கு ஓடித் திரியும் வண்டுகள். "பாத்தியா, இந்தப் பூச்சிதான் மரத்தத் தின்னுருக்கு" என்று மாமா மருந்தடிக்கும் டேங்கைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

மாமா சொன்ன இரண்டையும் நான் பல ஊர்களில் பலர் வாயால் கேட்டிருக்கிறேன். காளானைச் சீவிவிட்டால் நோய் போய்விடும் என்பது ஒன்று. காளானில் இருக்கும் பூச்சிதான் மரத்தை அரிக்கிறது என்பது இன்னொன்று. இரண்டுமே சரியில்லை. ஏன் சரியில்லை என்று புரிந்துகொள்ள, அந்தக் காளான் உண்மையில் என்ன என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

கண்ணுக்குத் தெரிவது காய் மட்டும்

பலா மரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அடிமரத்திலேயே காய் தொங்கும். காயைப் பறித்தால் மரத்துக்கு ஒன்றும் ஆகாது. அடுத்த பருவத்தில் மறுபடி காய்க்கும். தென்னையில் முளைத்த காளானும் அப்படி ஒரு காய்தான். காய்த்தது தென்னை இல்லை, தென்னைக்குள் குடியேறிய வேறொரு உயிர். அதைத்தான் பூஞ்சை என்கிறோம். பூசணம், பூஞ்சாணம் என்று சொல்வதும் இதையேதான்.

அந்தப் பூஞ்சையின் உடல் எப்படி இருக்கும்? நாலு நாள் மறந்துபோன ரொட்டித் துண்டில் வெள்ளையாகப் பஞ்சு படர்ந்திருக்குமே, அப்படித்தான். தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய நூல்கள், ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு கட்டைக்குள் பரவியிருக்கும். இந்த நூலுக்கு இழை என்று பெயர். ரொட்டியில் மேலேயே படர்வதால் பார்த்துவிடுகிறோம். மரத்திலோ பட்டைக்கு உள்ளே, வேருக்குள்ளே, அடித்தண்டின் நடுவே நடக்கிறது. மாதக்கணக்கில், சில மரங்களில் வருடக்கணக்கில் வெளியே ஒரு அடையாளமும் தெரியாது. உள்ளே போதுமான அளவுக்கு வளர்ந்து, ஈரமும் வாகாக அமையும்போது, இழைகள் திரண்டு வெளியே வந்து காளானாகின்றன.

மாமா சீவி எறிந்தது அந்தக் காயை. காய்த்த உயிர் தென்னைக்குள் அப்படியே இருந்தது.

மரத்திலிருந்து அலமாரிப் பலகை மாதிரியும் தட்டு மாதிரியும் நீட்டிக்கொண்டிருக்கும் இந்த வகைகளுக்குத் தமிழில் எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒரே பெயர் இல்லை. மரக்காளான் என்பார்கள், சில இடங்களில் வெறுமனே காளான்தான். இந்தக் கட்டுரை முழுக்கத் தட்டுக் காளான் என்று வைத்துக்கொள்வோம். இது ஒரே இனம் கிடையாது. தென்னை அடியிலும் மயில்கொன்றை, வாகை மரங்களின் அடியிலும் வரும் அரக்கு நிறத்துக்காரன் கானோடெர்மா. வெயிலில் கிடக்கும் விறகுக் கட்டையில் செம்மஞ்சளாய், மெல்லிசாய், தோல் மாதிரி ஒட்டியிருப்பது வேறு. விசிறி மடிப்பு போல வரிவரியாய் அடுக்கடுக்காக வருவது இன்னொன்று.

கட்டையைத் தின்பது எப்படி

மரக்கட்டையைக் கான்கிரீட் தூண் மாதிரி எண்ணிக்கொண்டால் எளிது. தூணுக்குள் கம்பி இருக்கும், கம்பியைச் சுற்றி சிமென்ட் கலவை இறுகியிருக்கும். மரத்தில் கம்பியின் வேலையைச் செய்வது செல்லுலோஸ். பஞ்சில் இருப்பதும் காகிதத்தில் இருப்பதும் அதே பொருள்தான். சிமென்ட்டின் வேலையைச் செய்வது லிக்னின். மரத்துக்குக் கெட்டித்தன்மையைக் கொடுக்கும் பசை என்று சொல்லலாம். இந்த லிக்னினை உடைப்பது லேசான காரியமில்லை. உலகத்தில் அதை முழுசாகச் சிதைக்கத் தெரிந்த உயிர்கள் மிகக் குறைவு. தட்டுக் காளான் பூஞ்சைகளில் பலவும் அந்தச் சிலவற்றில் சேர்ந்தவை.

வாயோ வயிறோ இல்லாத நூல், கட்டையை எப்படிச் சாப்பிடும்? நாம் முதலில் விழுங்கிவிட்டு, பிறகு வயிற்றில் செரிக்கிறோம். பூஞ்சைக்கு வரிசை தலைகீழ். இழையின் நுனியிலிருந்து செரிமானச் சாறு கட்டையில் கசிகிறது; கட்டை அங்கேயே கரைகிறது; கரைந்ததை இழை உறிஞ்சிக்கொள்கிறது. உறிஞ்சிவிட்டு நுனி இன்னும் கொஞ்சம் முன்னே போகிறது. அவ்வளவுதான் அதன் வாழ்க்கை.

இந்த வேலையின் விளைவை வீட்டு விறகுக் குவியலிலேயே பார்க்கலாம். ஒரு கட்டை வெளிறிப்போய், நார்நாராகப் பிரிந்து, அழுத்தினால் பஞ்சாக அமுங்கும். அதில் லிக்னினும் போய்விட்டது என்று பொருள். இதற்கு வெள்ளை அழுகல் என்று பெயர். இன்னொரு கட்டை கரும்பழுப்பாகி, கட்டம் கட்டமாக வெடித்து, விரலால் நசுக்கினால் தூளாகும். அங்கே பூஞ்சை செல்லுலோஸைத் தின்றுவிட்டு லிக்னினைப் பெரும்பாலும் விட்டுவைத்திருக்கிறது. இது பழுப்பு அழுகல். கானோடெர்மா வெள்ளை அழுகல் கூட்டத்தைச் சேர்ந்தது.

உள்ளே இவ்வளவு நடந்தும் மரம் பச்சையாக நிற்பது பலருக்குக் குழப்பம். மா, புளி, வாகை போன்ற மரங்களில் தண்டின் நடுப்பகுதி உயிரில்லாத வயிரம். தண்ணீர் ஏறுவது வெளி வளையத்தில்தான். அதனால் நடு முழுக்கக் கூடாகப் போன பிறகும் மரம் தழைத்துக்கொண்டிருக்கும். ஆபத்து வேறு விதம். காற்றில் முறிந்து விழும். தென்னையின் கதை வேறு. அது பக்கவாட்டில் பருத்துப் புதுக் கட்டையை உண்டாக்கிக்கொள்ளும் ஜாதி இல்லை. தண்டு முழுக்கப் பரவிக் கிடக்கும் குழாய்களில் எது கெட்டாலும் மாற்றுக் குழாய் வராது. அதனால்தான் அடியில் அழுகல் வந்த தென்னைக்கு உச்சி வரைக்கும் தாகம் எடுக்கிறது.

இதுவரை பார்த்ததைச் சுருக்கமாகச் சொன்னால்: தின்பது கட்டைக்குள் இருக்கும் இழை, வெளியே தெரியும் தட்டு அதன் காய். காய் வெளியே வரும்போது உள்ளே வேலை பெரும்பாலும் நடந்து முடிந்திருக்கும்.

தட்டின் அடிப்பக்கம்

தட்டுக் காளானை மேலிருந்து பார்த்துவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம். குனிந்து அடியைப் பாருங்கள். ஆப்பத்தின் முகம் மாதிரி முழுக்கத் துளைகள் இருக்கும். ஆனால் ஆப்பத்தின் துளை இதற்கு மலை மாதிரி. கானோடெர்மாவில் ஒரு மில்லிமீட்டர் நீளத்துக்குள் நாலைந்து துளைகள் அடங்கிவிடும். ஒவ்வொரு துளையும் ஒரு குழாயின் வாய். குழாய்களின் உட்சுவரில்தான் வித்துகள் உருவாகின்றன. வித்து என்பது பூஞ்சையின் விதை. கண்ணுக்குத் தெரியாத ஒற்றைத் துகள்.

வித்து சுவரை விட்டுத் தெறித்து, குழாய்க்குள் நேராகக் கீழே விழுந்து, வெளியே வந்ததும் காற்றில் போக வேண்டும். குழாய் கொஞ்சம் சாய்ந்தாலும் எதிர்ச்சுவரில் ஒட்டிக்கொள்ளும். அதனால் தட்டு எப்போதும் தரைக்குச் சமமாகவே வளர்கிறது. மரம் சாய்ந்து விழுந்துவிட்டால், அதில் ஏற்கெனவே இருந்த தட்டு செங்குத்தாக நிற்கும். பிறகு வரும் வளர்ச்சி திசை திரும்பி மறுபடி சமமாகப் படுக்கும். காட்டில் விழுந்து கிடக்கும் கட்டையில் இப்படித் திரும்பிய தட்டைப் பார்த்தால், மரம் நிற்கும்போதே பூஞ்சை வந்துவிட்டது என்று தைரியமாகச் சொல்லலாம். எனக்கு இதைக் கண்டுபிடிப்பதில் தனி சந்தோஷம்.

வித்துகளின் எண்ணிக்கை மலைக்க வைக்கும். ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் பரவலாக உள்ள ஒரு கானோடெர்மா இனத்தின் பெரிய தட்டு, ஒரே நாளில் சுமார் 3,000 கோடி வித்துகளை உதிர்ப்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். தட்டின் அடியில் இருக்கும் இலைகளிலும், சில நேரம் தட்டின் மேலேயேயும், கோகோ பொடி தூவிய மாதிரி பழுப்பு படிந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது தூசி இல்லை, வித்து.

வண்டுகளுக்கு இது வீடும் சோறும்

மழைக்கு முளைக்கும் குடைக் காளான் இரண்டு மூன்று நாளில் கூழாகிவிடும். அதில் முட்டையிடும் ஈக்களின் புழு, அந்த இரண்டு மூன்று நாளைக்குள் அவசர அவசரமாகத் தின்று வளர்ந்தாக வேண்டும். தட்டுக் காளானுக்கு அந்த அவசரம் கிடையாது. மாதக்கணக்கில் இருக்கும், சில இனங்கள் வருடக்கணக்கில். கெட்டியான சுவர், உள்ளே வெயில் படாது, சுற்றிலும் சாப்பாடு. சிறு பூச்சிக்கு இதைவிட நல்ல வீடு அமையாது.

அந்த வீட்டுக்குச் சொந்தம் கொண்டாடுகிறவர்களில் முதன்மையானவை சியிடே என்ற வண்டுக் குடும்பம். உலகம் முழுக்கச் சுமார் 700 இனங்களை இதுவரை பெயரிட்டிருக்கிறார்கள். பெரும்பாலானவை 1 முதல் 3 மில்லிமீட்டர் நீளம். உருளையாக, பழுப்பாகவோ கறுப்பாகவோ இருக்கும். பல இனங்களில் ஆண் வண்டின் தலையில் இரண்டு சின்னக் கொம்புகள். கைலென்ஸ் வைத்துப் பார்த்தால் காண்டாமிருக வண்டைச் சுருக்கி வைத்த மாதிரி இருக்கும்.

இவை தட்டைத் தேடி வருவது வாசனையால். மழை பெய்த மறுநாள் காளானிலிருந்து வரும் அந்த மண்வாசம் நமக்கு ஒரே மாதிரி தெரியும். வண்டுக்கு அப்படி இல்லை. ஒவ்வொரு பூஞ்சைக்கும் தனித் தனி வாசனைக் கலவை. விசிறி மடிப்புத் தட்டுக்குப் போகும் வண்டு பெரும்பாலும் கானோடெர்மாவைச் சீண்டாது. சில இனங்கள் புதுத் தட்டுக்கே வந்துவிடும். பல இனங்கள் தட்டு வளர்ச்சி நின்று செத்த பிறகு வரும்.

வந்த வண்டு துளைத்துக்கொண்டு உள்ளே போகும். உள்ளே முட்டை, முட்டையிலிருந்து வெள்ளைப் புழு. புழு சுரங்கம் தோண்டியபடியே தின்னும். வளர்ந்ததும் அதே சுரங்கத்தில் கூட்டுப்புழுவாகி, வண்டாக வெளிவரும். வெளிவந்ததும் பறந்துவிட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அதே தட்டில் தின்ன மிச்சம் இருந்தால் அங்கேயே அடுத்த தலைமுறை. தாத்தா கட்டிய வீட்டில் பேரன் இருப்பது போலத்தான். தட்டு முழுக்கப் பொடியாகும் வரை இது தொடரும்.

இன்னும் சின்னவர்கள் உண்டு. தட்டின் அடியில் குழாய்கள் இருக்கின்றன என்று சொன்னேனே, அந்தக் குழாய்க்குள்ளேயே நுழைந்து வாழும் வண்டுகள் இருக்கின்றன. இறக்கை, மயிர் முளைத்த ஒரு குச்சி மாதிரி இருப்பதால் இவற்றை இறகு இறக்கை வண்டுகள் என்று சொல்லலாம். இந்தக் கூட்டத்தில் ஸ்கைடோசெல்லா முசாவாசென்சிஸ் என்று ஒன்று. நிகரகுவாவில் கிடைத்ததை வைத்து 1999-இல் பெயரிட்டார்கள். 2015-இல் கொலம்பியாவில் ஒரு தட்டுக் காளானிலிருந்து எடுத்தவற்றைத் துல்லியமாக அளந்தபோது, மிகச் சின்னது 0.325 மில்லிமீட்டர் இருந்தது. அடிஸ்கேலில் ஒரு மில்லிமீட்டர் கோட்டுக்குள் மூன்று வண்டுகள் வரிசையாக நிற்கலாம். ஆறு கால், கண், மூளை, இறக்கை எல்லாம் அதற்குள் இருக்கிறது. ஒட்டுண்ணியாக இல்லாமல் சொந்தக் காலில் வாழும் வண்டுகளில் அறியப்பட்ட மிகச் சிறியது இதுதான்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் கவைக்கொம்பு வண்டு ஒன்று உண்டு. இரவில் தட்டின் மேல் ஆண்கள் கொம்பால் முட்டிச் சண்டை போடும். பெண் ஒவ்வொரு முட்டையாகத் தட்டின் மேல் ஒட்டி, தன் கழிவாலேயே மூடிவைக்கும். ஐரோப்பாவில் ஒரு சின்ன ஈயின் புழு, கானோடெர்மாவின் அடிப்பக்கத்தில் காம்பு காம்பாகப் புடைப்புகளை உண்டாக்கும். வளர்ந்ததும் நுனியில் ஓட்டை போட்டுக் கீழே மண்ணில் விழுந்து கூட்டுப்புழுவாகும். அந்துப்பூச்சிகளிலும் தட்டுக்குள் வளரும் புழுக்கள் இருக்கின்றன. இவற்றையெல்லாம் தேடி வரும் ஒட்டுண்ணிக் குளவிகளும் உண்டு. அதாவது வண்டுப் புழுவின் உடலில் தன் முட்டையை இட்டு, தன் பிள்ளைக்கு அதையே இரையாக்கும் சிறு குளவிகள். கைப்பிடி அளவு காளானுக்குள் தின்பவன், தின்பவனைத் தின்பவன் என்று ஒரு முழுத் தெருவே குடியிருக்கிறது.

ஆக, மரத்தைத் தின்பது பூஞ்சை. பூஞ்சையின் காயைத் தின்பது வண்டு. வண்டின் புழுவைத் தின்பது குளவி.

அப்படியானால் ஓட்டை போட்டது யார்?

மாமாவின் சந்தேகத்துக்கு வருவோம். மரத்திலும் ஓட்டை, காளானிலும் ஓட்டை, இரண்டிலும் பொடி. ஒன்றுதானே செய்திருக்கும் என்று தோன்றுவது இயல்பு. பார்க்க வேண்டியது, பொடி எங்கிருந்து வருகிறது என்பதை.

தட்டின் அடியிலிருந்தோ உடைந்த விளிம்பிலிருந்தோ பழுப்புப் பொடி கொட்டினால், அது காளான் வண்டின் வேலை. சியிடே வண்டுகளின் தாடை பழகியது பூஞ்சைச் சதைக்கு. நல்ல கட்டையை அவை சீண்டுவதில்லை. தண்டிலேயே குண்டூசித் துளைகள் இருந்து, அதிலிருந்து வெளிர் நிற மரத்தூள் வந்தால், அது தண்டைத் துளைக்கும் வேறு வண்டுகள். அவையும் ஏற்கெனவே நொந்துபோன மரத்தைத்தான் பெரும்பாலும் தேடி வருகின்றன. தண்டின் மேலேயே மண்பூச்சு ஓடினால் கரையான்.

காளான் வண்டுக்கு மருந்தடிப்பதால் தென்னைக்கு ஒரு நன்மையும் இல்லை. காயைத் தின்கிறவனைக் கொன்று, காயைக் காப்பாற்றிக் கொடுத்ததாகத்தான் ஆகும். மாமாவிடம் இதைச் சொன்னபோது டேங்கை இறக்கி வைத்துவிட்டு, "அப்ப மரத்துக்கு என்னதான் செய்யிறது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி.

தஞ்சாவூர் வாடல்

தென்னை அடியில் கானோடெர்மா வருவதற்கு நம் ஊர்ப் பெயரே இருக்கிறது. 1952-இல் தஞ்சாவூர் மாவட்டத்தில் கவனிக்கப்பட்டதால் தஞ்சாவூர் வாடல் நோய் என்று பெயர்; அடித்தண்டு அழுகல் என்றும் சொல்வார்கள். மண்ணில் கிடக்கும் பழைய வேரிலும் அடிக்கட்டையிலும் பூஞ்சை உயிரோடு இருக்கும். அதைத் தொடும் நல்ல வேர் வழியாக அடுத்த மரத்துக்குள் நுழையும். அடிமட்டைகள் மஞ்சளித்துத் தொங்கும். தண்டின் அடியில் வெடிப்பு விட்டுச் செம்பழுப்பாய்ச் சாறு கசியும். அது மெல்ல மெல்ல மேலே ஏறும். தட்டுக் காளான் முளைப்பது பெரும்பாலும் இதற்கெல்லாம் பிறகு. சில மரங்களில் முளைப்பதே இல்லை. அதனால் காளானுக்காகக் காத்திராமல் சாறு கசிவதைப் பார்த்ததுமே எழுந்துகொள்ள வேண்டும்.

மாமாவுக்குச் சொன்னதைத்தான் இங்கேயும் சொல்கிறேன். செத்த மரத்தை வெட்டினால் மட்டும் போதாது; அடிக்கட்டையையும் வேரையும் தோண்டி எடுத்து எரித்துவிட வேண்டும். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்துச் சாய்த்த தென்னைகளின் அடிக்கட்டை இன்னும் கிடந்தால் அதையும் எடுத்துவிடுவது நல்லது. நோய் மரத்தைச் சுற்றிக் குழி வெட்டி, அதன் வேர் பக்கத்து மரத்தின் வேரைத் தொடாமல் பிரிக்க வேண்டும். நோய் மரத்தின் பாத்தித் தண்ணீர் நல்ல மரத்துக்கு ஓடக்கூடாது. ஒவ்வொரு மரத்துக்கும் தனிப் பாத்தி. நல்ல மரம் ஒவ்வொன்றுக்கும் வருடம் 5 கிலோ வேப்பம்புண்ணாக்கும், தொழு உரத்தோடு கலந்த டிரைக்கோடெர்மாவும் போடச் சொல்லிப் பரிந்துரைக்கிறார்கள். டிரைக்கோடெர்மா என்பதும் ஒரு பூஞ்சைதான். கானோடெர்மாவை எதிர்த்து நிற்கும் பூஞ்சை. மற்ற மருந்து விவரங்களை வேளாண் அலுவலரிடம் மரத்தைக் காட்டிக் கேட்டுக்கொள்வதே சரி.

காளானைப் பெயர்த்து எடுப்பதில் ஒரே ஒரு பயன் உண்டு: வித்து உதிர்வது நிற்கும். எடுத்தால் வரப்பில் வீசாதீர்கள், எரியுங்கள்.

வீதி ஓரத்து மயில்கொன்றையிலோ வாகையிலோ அடியில் தட்டு கண்டால், அதன் கீழே வண்டி நிறுத்துவதை விட்டுவிடுங்கள். மழைக்காலத்துக்கு முன் கிளையின் பாரத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். காட்டிலோ கொல்லையிலோ செத்து விழுந்த கட்டையில் முளைத்தால் ஒன்றுமே செய்ய வேண்டாம். அந்தக் கட்டையை மண்ணாக்கும் வேலையை வேறு யாரும் செய்துவிட முடியாது.

ஒரு பாட்டிலில் பார்க்கலாம்

இதை நேரில் பார்க்க ஆய்வுக்கூடம் தேவையில்லை. விறகுக் கட்டையிலிருந்து ஓட்டை விழுந்த பழைய தட்டு ஒன்றைப் பெயர்த்து எடுத்து, ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு, வாயை வேட்டித் துணியால் கட்டி, நிழலில் வைத்தேன். வாரம் ஒருமுறை துணியில் நாலு சொட்டுத் தண்ணீர். முதல் இரண்டு வாரம் அடியில் பொடி சேர்ந்ததைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. காதோரம் வைத்தால் மட்டும், காகிதத்தை நகத்தால் சுரண்டுவது போல் மெல்லிய சத்தம் கேட்டது.

மூன்றாவது வாரம் கண்ணாடியில் ஏறும் வண்டுகள் வந்தன, எண்ணியதில் பதினேழு. லென்ஸில் பார்த்தால் சிலவற்றுக்குக் கொம்பு, சிலவற்றுக்கு இல்லை. விரலால் பாட்டிலைத் தட்டியதும் கால்களை மடக்கிக்கொண்டு செத்த மாதிரி உருண்டு கிடந்தன. இரண்டு நிமிடம் கழித்து ஒவ்வொன்றாக நடக்கத் தொடங்கின. அவற்றோடு எறும்பைவிடச் சின்னதாக, பச்சை மினுங்கும் ஒரு குளவியும் வெளியே வந்திருந்தது. ஆறு மாதத்தில் தட்டின் மேல்தோல் மட்டும் ஓடு மாதிரி மிஞ்சியது. தூக்கியதும் உள்ளங்கையில் நொறுங்கிவிட்டது. வண்டுகளோடு சேர்த்து அந்தப் பொடியைக் கொல்லையில் அதே விறகுக் குவியலின் அடியில் கொட்டினேன். பக்கத்துக் கட்டையில் புதிதாக ஒரு தட்டு, சுண்டைக்காய் அளவில், வெள்ளையாய் முளைவிட்டிருந்தது.